ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஜனவரி முதலாம் திகதி வந்தால் எங்கள் ஊரில் பிறந்தநாள்காரர் தொகை திடீரென்று கூடிவிடும். அறுபது தாண்டிய மாமாக்கள், மாமிமார், ஓய்வுபெற்ற சேர்மார், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிற ஹாஜியார் என்று முக்கால்வாசிப் பேருக்கு அன்றைக்குத்தான் பிறந்தநாள். மருமக்கள் வாழ்த்துவார்கள். மச்சான்மார் "இது எத்தனையாவது தடவை அறுபது?" என்று பகிடி பண்ணுவார்கள். ஒரு மாமா இந்த வருஷம் "நான் பிறந்தது மாரி மழைக்குள்ள என்று மட்டும்தான் உம்மா சொன்னது, மிச்சத்தை அதிபர்தான் எழுதினார்" என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அந்த மாமா சொன்னதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

பிறந்தநாள் கொண்டாடலாமா, கூடாதா என்ற மார்க்க விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கொமெண்டில் அதை இழுத்துக்கொண்டு வராதீர்கள். எங்கள் ஊர்களில் பிறந்த திகதி என்ற ஒன்று எப்போது வந்தது, அதைச் சொல்லி ஒருவரையொருவர் வாழ்த்துவது எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் மூத்தம்மாமார் காலத்தில் பிள்ளை பிறந்தால் முக்கியமான நாள் ஏழாம் நாள். பேர் வைத்து, முடி இறக்கி, வசதியிருந்தால் அகீகா கொடுப்பார்கள். அதற்குப் பிறகு நாற்பது. அத்தோடு சரி. வருஷாவருஷம் திரும்பி வருகிற நாளாகப் பிறந்தநாளை யாரும் நினைத்திருக்கவில்லை. ஞாபகம் வைத்திருந்தார்கள், ஆனால் வேறு விதமாக. "நோன்பு பதினேழில், பத்ர் தினத்தன்று பிறந்தவ" என்பார்கள். "ஹஜ்ஜு மாசம், பெருநாளைக்கு மூணு நாள் கிடக்க" என்பார்கள். மாதமும் நாளும் துல்லியமாக இருக்கும். வருஷம்தான் இருக்காது.

வருஷத்துக்கு ஊரோடு சேர்ந்த கணக்கு இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் என்றால் 1942. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அந்த 9ஆம் திகதிதான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இன்றைக்கும் அதன் உடைவு அங்கேதான் கிடக்கிறது. கல்லோயாத் தண்ணீர் வயலுக்கு வந்த வருஷம் என்றால் 50களின் தொடக்கம். பெரிய வெள்ளம் என்றால் 1957 டிசம்பர். சூறாவளி என்றால் கேள்வியே தேவையில்லை, 1978 நவம்பர் 23. கிழக்கு மாகாணத்தில் அந்த இரவுக்குப் பிறந்தவர்களும் உண்டு, அதே இரவில் போனவர்களும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. நோன்பை வைத்து வயது எண்ணியவர்கள் எல்லாரும் தங்களுக்குத் தெரியாமலே வயதைக் கூட்டிக்கொண்டார்கள். ஹிஜ்ரி வருஷம் 354 அல்லது 355 நாள்தான். ஆங்கில வருஷத்தைவிடப் பதினொரு நாளளவு குறைவு. 33 ஆங்கில வருஷம் போனால் ஹிஜ்ரியில் 34 ஆகிவிடும். ஆகவே உங்கள் மூத்தம்மா தனக்கு 68 என்று சாதித்தால், பிள்ளைகள் 66 என்று மறுத்தால், இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். வீட்டில் சண்டை வேண்டாம்.

பிறப்பைப் பதிவது வெள்ளைக்காரன் காலத்திலேயே, 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கு வந்துவிட்டது. இன்றைக்கு நடைமுறையில் இருக்கிற சட்டம் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். சட்டம் இருந்தது, பதிவாளரும் இருந்தார். ஆனால் வீட்டில் மருத்துவிச்சி பார்த்த பிரசவம், வயலிலும் கடலிலும் நிற்கிற வாப்பா, பதிவாளர் இருக்கிற இடத்துக்குப் போகப் பாதி நாள். போகாமல் விட்டவர்கள் நிறையப் பேர். பெண் பிள்ளைக்கு எதற்குப் பத்திரம் என்று விட்டவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை.

பிறகு ஒருநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டி வரும். அதிபர் சேர்விடாப்பைத் திறந்து பிறந்த திகதி கேட்பார். வாப்பா முழிப்பார். "வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் சேர்" என்பார். வலது கையால் தலைக்கு மேலாக இடது காதைத் தொடச் சொல்லிப் பார்த்து, எட்டினால் சேர்த்துக்கொள்கிற காலம் அது. அதிபர் தானாகவே ஒரு திகதி எழுதுவார். எழுதுவதற்கு இலகுவான திகதி ஜனவரி முதலாம் திகதி. சில வாப்பாமார் விவரமானவர்கள், "சேர், ரெண்டு வருஷம் குறைச்சுப் போடுங்க" என்பார்கள். நாளைக்கு மகனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தால் ஓய்வுபெற இரண்டு வருஷம் பிந்துமே!

ஆக, எங்கள் ஊரின் ஒரு முழுத் தலைமுறைக்குப் பிறந்தநாள் கொடுத்தவர்கள் வாத்தியார்மார். அந்த இடாப்பிலிருந்து விடுகைப் பத்திரத்துக்கு, அங்கிருந்து அடையாள அட்டைக்கு, அங்கிருந்து ஓய்வூதியக் கோவைக்கு என்று அந்தக் கற்பனைத் திகதி வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்தது.

அடையாள அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. 1972இல் அது அறிமுகமானபோது ஒவ்வொருவருடைய பிறந்தநாளும் இலக்கமாக மாறி அதற்குள் ஏறிவிட்டது. பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூன்று, அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எந்த வருஷமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துத்தான் எண்ணுவார்கள். ஆகவே 1985 மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 85061, பெண்ணுக்கு 85561. ராத்தாமாரே, வயதை ஒளிக்க நினைத்தால் அட்டை இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். எங்கள் ஜனவரி முதலாம் திகதி ஹாஜியார்மாருக்கெல்லாம் 001. மாணவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் அன்று வகுப்பில் வேறு பாடம் நடக்காது.

சிரிப்புக்காகச் சொன்னாலும், இந்தத் திகதி சில ஆட்களுக்குச் சிரிப்பாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது வம்சாவளிப் பிரஜை என்று காட்டத் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பத்திரம் வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவர் தன் அப்பன் பிறந்த பத்திரத்துக்கு எங்கே போவார்? ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றவர்களாக நின்றார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு அந்த மனிதர்களைத் தொகையாகப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று. எங்கள் வாப்பாமார் அலட்சியமாக "ஏதாவது போடுங்க சேர்" என்று சொன்ன அதே கட்டம்தான் அங்கே குடும்பங்களைக் கடல் தாண்டி அனுப்பியது.

சரி, திகதி வந்துவிட்டது. வாழ்த்து எப்படி வந்தது?

என் கணிப்பு: அது எங்கள் ஊர்களுக்குள் கேக்கோடு வரவில்லை, றேடியோவோடு வந்தது.

கொழும்பில் வானொலி 1925இல் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஏக்கலையில் பெரிய ஒலிபரப்பி ஒன்றை நேச நாட்டுப் படையினர் நிறுவினார்கள். யுத்தம் முடிந்து அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1949இல் றேடியோ சிலோன் ஆனது. 1950இல் வர்த்தக சேவை. 1952இல் இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தியதும் அந்தப் பக்கத்து ஆட்கள் முழுக்க இலங்கைப் பக்கம் காதைத் திருப்பினார்கள். படைக்கு வைத்த ஒலிபரப்பி, பாட்டுக்கும் வாழ்த்துக்கும் பயன்பட்டது. நல்ல விஷயம்தானே. 1967இல் கூட்டுத்தாபனமானது, 1972இல் இன்றைய பெயர் வந்தது. எங்கள் உம்மாமார் வாயில் கடைசிவரை அது "றேடியோ சிலோன்"தான்.

முதலில் றேடியோ என்பது கடைக்காரர் வீட்டிலோ போடியார் வீட்டிலோ இருக்கிற பெரிய மரப்பெட்டி. மின்சாரம் இல்லாத ஊரில் கார் பற்றரி வைத்துப் போடுவார்கள். ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் வேறு எடுக்க வேண்டும். ட்ரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அது அடுப்படிக்கு வந்தது. வெளியே போகாத எங்கள் பெண்கள் நாடு முழுக்க உள்ள பெயர்களைக் கேட்டது அப்போதுதான்.

பெயர்கள் என்று சொன்னது காரணத்தோடுதான். தமிழ்ச் சேவை இரண்டில் நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் பெயர்களால் ஆன நிகழ்ச்சிகள். தபாலட்டையில் பிள்ளையின் பெயர், ஊர், பிறந்த திகதி, வாழ்த்துகிறவர்கள் யார் யார் என்று எழுதிச் சுதந்திர சதுக்கத்துக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அன்றைக்கு அறிவிப்பாளர் அதை வாசிப்பார். பிள்ளையின் பெயரைவிட வாழ்த்துகிறவர்கள் பட்டியல்தான் நீளம். வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா, சாச்சி, மாமி, மாமி பெற்ற பிள்ளைகள். யாராவது ஒருவரின் பெயர் விடுபட்டால் ஒரு மாதத்துக்குக் கதைபேச்சில்லை. எந்த மருமகனின் பெயர் முதலில் வந்தது, எந்தச் சாச்சியின் பெயர் கடைசியில் போனது என்பதையெல்லாம் வைத்து ஊரே குடும்ப நிலவரத்தைக் கணக்குப் பார்க்கும். அந்தப் பட்டியலே ஒரு பகிடியும்தான். மைத்துனனைச் சீண்டுவதற்காகவே அவனுடைய வீட்டுப் பேரையும் சேர்த்து எழுதிவிடுகிற மச்சான்மார் இருந்தார்கள் என்று என் உம்மா சொல்வா. நாடு முழுக்கக் கேட்டபிறகு அந்தப் பேரை எப்படி அழிப்பது!

இது எங்கள் பழைய பழக்கத்தின் நீட்சி என்றே நினைக்கிறேன். மச்சான் மச்சிமார் பகிடிக்கு எங்கள் ஊர்களில் எப்போதும் இடமிருந்தது. கலியாண வீட்டில் மாப்பிள்ளை படாதபாடு படுவார். வயல்வெளியில் கவியாலேயே ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். றேடியோ அந்தப் பகிடிக்குப் புதிதாக ஒரு நாளைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அறிவிப்பாளர்களும் அந்தக் குடும்பத்துக்குள் வந்துவிட்டார்கள். எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, எங்கள் பி.எச். அப்துல் ஹமீத். 'எங்கள்' என்று நான் எழுதினாலும் அவரை யாழ்ப்பாணத்தாரும் 'எங்கள்' என்றுதான் சொன்னார்கள். சிறுவர் நிகழ்ச்சிக்குப் பிள்ளையாகப் போய் அந்த நிலையத்திலேயே வளர்ந்தவர். கே.எஸ். ராஜா வேகமாகப் பேசினாலும் ஒரு எழுத்துக் கூட விழாது. நாங்கள் கலாசாலையில் உச்சரிப்புப் பயிற்சி எடுத்தபோது, எங்களுக்கு முன்னால் ஒரு முழுத் தலைமுறை ஆசிரியர்கள் லகர, ழகர, ளகரத்தை றேடியோவில்தான் படித்தார்கள் என்று விரிவுரையாளர் ஒருவர் சொன்னார். நான் அதை நம்புகிறேன்.

வடக்கே ஜார்கண்டில் ஜும்ரி தலையா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மைக்கா தோண்டுகிற ஊர். பாட்டுக் கேட்டு றேடியோ சிலோனுக்கும் விவித் பாரதிக்கும் அஞ்சலட்டை எழுதியே இந்தியா முழுக்கப் பேர் வாங்கியது. அப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா, அல்லது அறிவிப்பாளரின் கற்பனையா என்று கேட்டவர்களும் உண்டாம். எங்கள் தமிழ்ச் சேவைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கடிதங்கள் குவிந்தன. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த நாட்டுக்குள் நடந்ததுதான். சுன்னாகத்துப் பிள்ளை, காத்தான்குடிப் பிள்ளை, ஹட்டன் தோட்டத்துப் பிள்ளை, புத்தளத்துப் பிள்ளை என்று ஒரே மூச்சில், ஒரே குரலில் பெயர்கள் வரும். ஹட்டன் பிள்ளையின் அப்பாவுக்கு அந்த நேரம் பிரசாவுரிமை இல்லாமல் இருந்திருக்கலாம். தபாலட்டையில் அது எழுதத் தேவையில்லை. பெயரும் ஊரும் பிறந்த திகதியும் போதும். அரசாங்கக் கந்தோரில் செல்லுபடியாகாத ஒரு பிறப்பு, அரசாங்க வானொலியில் வாழ்த்தோடு செல்லுபடியானது.

இங்கே ஒரு இடைச்செருகல், வாத்தியார் என்பதால் விட மனமில்லை. இன்றைக்கு எல்லாரும் கேக் வெட்டும்போது பாடுகிற அந்த ஆங்கிலப் பாட்டின் மெட்டும் இரண்டு ஆசிரியைகளிடமிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பாலர் பாடசாலை நடத்திய பற்றி ஹில், அவருடைய அக்கா மில்ட்ரெட் ஹில். 1893இல் வெளிவந்த அவர்களின் பாட்டுப் புத்தகத்தில் அது பிள்ளைகளுக்குக் காலை வணக்கம் சொல்லுகிற பாட்டு. ஊர் ஊராகப் போய்ப் பிறந்தநாள் பாட்டாக மாறிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கம்பனி உரிமை கொண்டாடி, படத்தில் பாடினால் காசு கேட்டது. 2015இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. கம்பனி 14 மில்லியன் டொலர் திருப்பிக் கொடுக்க உடன்பட்டது. பாலர் வகுப்பு ரீச்சர்மாரே, நீங்கள் ஒவ்வொரு காலையும் "குட் மோர்னிங்" சொல்லிப் பாடுவதுதான் அந்தப் பாட்டின் உண்மையான வடிவம்.

றேடியோவின் பெயர்ப் பட்டியலுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1983 ஜூலைக்குப் பிறகு பெயர்கள் கலைந்தன. பலர் நாட்டைவிட்டே போனார்கள். 1990 எங்களுக்கு எப்படிப்பட்ட வருஷம் என்று இந்தப் பதிவை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேல். அவர்களுக்குள் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையில் அகப்பட்டதோடு வெளியேற்றப்பட்டார்கள். பிறகு புத்தளம் முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் பத்திரத்தில் பிறந்த இடம் புத்தளம். தகப்பன் பிறந்த இடம் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு. ஒரே தாளில் இரண்டு ஊர். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது. சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். 1994இல் கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். எத்தனையோ வீட்டு அடுப்படிகளைச் சிரிக்க வைத்த குரல் அது.

2004 சுனாமியைப் பற்றி எங்கள் கரையோர ஊர்களுக்கு எழுதுவது கஷ்டம். நாட்டிலேயே கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். டிசம்பர் 26ஐப் பிறந்தநாளாகக் கொண்ட பிள்ளைகள் எங்கள் பாடசாலைகளிலும் படித்தார்கள். அந்த வீடுகளில் அன்று யாரும் வாழ்த்துவதில்லை. ஒரு தாய் மகளின் பிறந்தநாளை இரண்டு நாள் தள்ளி வைத்திருந்தா. சட்டத்தில் அதற்கு இடமில்லை, எங்கள் வகுப்பறை அட்டவணையில் இருந்தது.

ஆம், இப்போது ஆரம்பப் பிரிவு வகுப்புகளில் பிறந்தநாள் அட்டவணை ஒட்டுகிறோம். பன்னிரண்டு மாதம், அதற்குக் கீழே பெயர்கள். முதலாம் தரத்தில் சேர ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும் என்பதால் எல்லாப் பிள்ளைக்கும் பத்திரம் இருக்கிறது. ஜனவரி முதலாம் திகதிக்காரர் அநேகமாக இல்லை. பிள்ளை வண்ண உடுப்போடு டொபி பக்கற் கொண்டு வரும், எல்லாரும் வாழ்த்துவார்கள். இதில் எனக்கு ஒரு மனக்குறை. டொபி வாங்க வசதியில்லாத பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கே வராது. வரவு இடாப்பையும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இப்போது எங்கள் வகுப்பில் டொபி கிடையாது. பிறந்தநாள் பிள்ளை முன்னால் வந்து நிற்கும், மற்றவர்கள் ஆளுக்கொரு வாழ்த்துச் சொல்ல வேண்டும், அதில் ஒரு பகிடி கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் உடம்பையோ வீட்டையோ பற்றிய பகிடி கூடாது. போன மாதம் ஒரு பொடியன் சொன்னான்: "உனக்கு ஏழு வயசு, உன்ட சைக்கிளுக்கு எழுபது வயசு, ரெண்டு பேருக்கும் வாழ்த்துக்கள்." சைக்கிள்காரன்தான் எல்லாரையும்விடக் கூடுதலாகச் சிரித்தான்.

கலாசாலை விடுதிப் பழக்கத்தை இங்கே சொல்லாமல் விடுகிறேன். மாவையும் முட்டையையும் தலையில் கொட்டுவதை நான் அன்றைக்கும் விரும்பவில்லை, இன்றைக்கும் இல்லை. இன்றைய முட்டை விலையில் அது பகிடியுமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எட்டாம், ஒன்பதாம் தரப் பிள்ளைகளின் வரலாற்றுச் செயற்றிட்டத்துக்காக ஊர் மூத்தவர்களின் பிறந்த கதைகளைச் சேர்க்கிறோம். அட்டையில் இருக்கிற திகதி வேண்டாம், உங்கள் உம்மா சொன்ன திகதி வேண்டும். எந்த வெள்ளம், எந்த நோன்பு, யார் மருத்துவிச்சி, சேர்விடாப்பில் எழுதியது எந்த அதிபர் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். றேடியோவுக்கு எழுதிய தபாலட்டையோ, பெயர் வாசித்ததைப் பதிந்த கசற்றோ யாருடைய வீட்டுப் பெட்டகத்திலாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் பள்ளிவாசல் முன்றலில்தான் நிற்பேன். வீட்டுக்கு வரச் சொன்னாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவோம், தேத்தண்ணி மட்டும் போதும்.